69 காதல் பாட்டும் திருச்செந்தூர் பாசஞ்சரும்

நமக்கு ஆல்பம் என்றால் படம்தான். ஒரு படத்துக்கு ஐந்தாறு பாட்டு. ஒன்று குத்து, ஒன்று மெலடி, ஒன்று சோகம், ஒன்று கோயில் திருவிழாவில் ஆடுவது, இன்னொன்று நாயகனும் நாயகியும் எங்கோ பனிமலையில் ஓடுவது. ஐந்தும் ஐந்து திசையில் நின்றாலும் யாரும் குறை சொல்வதில்லை. கதையில் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது, அங்கே அது வருகிறது, அவ்வளவுதான். அதனால் பாட்டுக்குப் பாட்டு பாணி மாறுவது தமிழ்க் காதுக்குப் புதிதே இல்லை. படமே இல்லாமல் ஒருவர் அதைச் செய்தால்தான் நமக்குக் குழப்பம் வருகிறது. கதை கிடையாது, கதாநாயகி கிடையாது, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேஷம் மாற்றிக்கொண்டே போகிறது ஆல்பம். அப்போது அதைச் சேர்த்துப் பிடிப்பது எது? அப்படிப்பட்ட ஆல்பத்தின் மேல் ஒருவருக்குக் கிறுக்குப் பிடித்தால், அதில் எதன் மேல் பிடிக்கிறது?

இதைப் பேசுவதற்கு 'தி மேக்னெடிக் ஃபீல்ட்ஸ்' என்ற அமெரிக்கக் குழுவின் '69 லவ் சாங்ஸ்' ஆல்பத்தைவிடத் தோதான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1999 செப்டம்பரில் வந்தது. மூன்று சிடி, ஒவ்வொன்றிலும் 23 பாட்டு, மொத்தம் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பழைய கணக்கில் சொன்னால் இரண்டு 90 நிமிடக் கேசட்டில் அடக்கிவிடலாம். 69 பாட்டையும் எழுதி மெட்டமைத்தவர் ஸ்டீஃபின் மெரிட் என்ற ஒரே ஆள். பெரும்பாலானவற்றைப் பாடியதும் அவரே. கிணற்றடியிலிருந்து வருகிற மாதிரி ஆழமான, உணர்ச்சியைக் காட்டிக்கொள்ளாத குரல் அவருக்கு. மீதியை இரண்டு ஆண்களும் இரண்டு பெண்களும் பங்கிட்டுக்கொண்டார்கள்.

மன்ஹாட்டனில் ஒரு பியானோ பாரில் உட்கார்ந்து, ஸ்டீஃபன் சாண்ட்ஹைமின் நாடகப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருந்தபோது இந்த யோசனை வந்ததாக மெரிட் சொல்லியிருக்கிறார். சார்லஸ் ஐவ்ஸ் என்ற பழைய இசையமைப்பாளரும் அப்போது அவர் மனசில் இருந்தார். ஐவ்ஸ் பிழைப்புக்கு இன்ஷூரன்ஸ் தொழில் செய்தவர். தான் எழுதிய 114 பாட்டுகளை 1922இல் சொந்தச் செலவில் அச்சிட்டுக் கொடுத்தவர். சரி, நாமும் 100 காதல் பாட்டு எழுதி மேடையில் வரிசையாக ஆட்களை விட்டுப் பாட வைப்போம் என்று மெரிட் முதலில் நினைத்தார். எவ்வளவு நேரம் ஓடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்ததும் 69க்கு இறங்கினார். அந்த எண்ணில் ஒரு குறும்பும் இருக்கிறது. விளக்கம் வேண்டாம்.

இப்படி ஒரு பொருளைப் பெரிய கம்பெனி எதுவும் தொட்டிருக்காது. வெளியிட்டது மெர்ஜ் ரெக்கார்ட்ஸ். வட கரோலினாவில் 'சூப்பர்சங்க்' என்ற ராக் குழுவைச் சேர்ந்த இருவர் 1989இல் ஆரம்பித்த சின்ன நிறுவனம் அது. இண்டி என்று நாம் சொல்வதன் நடைமுறை அர்த்தம் இதுதான்: 'எந்தப் பாட்டு ரேடியோவில் ஓடும்? மற்றதைத் தூக்கு' என்று சொல்ல மேலே ஆள் கிடையாது. அந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. கையில் காசு குறைவு என்பதால் ஐம்பது பேர் வயலின் வாசிக்க மாட்டார்கள். உகுலேலே, பான்ஜோ, ஒரு செல்லோ, ஒரு அக்கார்டியன், சின்ன சிந்தசைசர், டிரம் மெஷின் என்று கைக்கு எட்டியதை வைத்துத்தான் உலகத்துப் பாணிகளையெல்லாம் கட்டியாக வேண்டும். கேட்கும்போது பொம்மலாட்டத்தில் நூல் தெரிவது மாதிரி இது தெரியும். அந்த நூல் தெரிவதே இந்த ஆல்பத்தின் அழகில் பாதி என்பது என் கட்சி. இன்னொரு காரணமும் சொல்ல வேண்டும். மெரிட்டுக்கு ஒரு காதில் கோளாறு உண்டு, சத்தம் கூடினால் காதுக்குள்ளேயே அது பெருகித் தொல்லை கொடுக்கும். கூட்டம் கைதட்டினாலே அவருக்கு அவஸ்தை. அவர் இசை பொதுவாக ஏன் அடங்கியே ஒலிக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு விடை.

இதைக் கேட்டுப் பார் என்று ஒரு கூட்டாளியிடம் கொடுத்தேன். நாலு பாட்டு முடிந்ததும் இயர்போனைக் கழற்றிவிட்டான். "ஏல, இது ஒரே செட்டு ஆளுங்க போட்டதா? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஊரு பாட்டு மாதிரில்லா இருக்கு!" அவனைக் குறை சொல்ல முடியாது. முதல் பாட்டு மூச்சுவிடாமல் ஓடுகிறது. இரண்டாவது பியானோவோடு மெதுவாக அழுகிறது. மூன்றாவது பான்ஜோ, வேறு ஆள் குரல். நாலாவது, தலை வெட்டின கோழி மாதிரி என் மனசு ஓடுகிறது என்று கிராமத்துத் துள்ளலில் போகிறது. இதற்குள் பன்னிரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆனால் பாணியை விட்டுவிட்டு ஆளைக் கவனித்தால் வேறு ஒன்று தெரியும். முதல் சிடியில் எட்டாவது பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் ஒரு பையன். அவன் விரும்பும் பெண்ணுக்கு ஏகப்பட்ட போட்டி. ஒருத்தன் மழையில் சைக்கிள் மிதித்து மிட்டாய் கொண்டுவந்து கொடுப்பான், வானவியல் படித்த இன்னொருத்தன் ஒரு நட்சத்திரத்துக்கே அவள் பேரை வைப்பான். இவனிடம் இருப்பது ஒரு கார். அது அசிங்கமான கார், நானும் அப்படித்தானே என்று இவனே சொல்கிறான். ஆனால் அவளுக்கு இன்றைக்குச் சுற்றப் போக வேண்டும், அதனால் இன்றைக்கு இந்த ஏரியாவிலேயே அதிர்ஷ்டக்காரன் இவன்தான். பாளை மார்க்கெட் பக்கம் ஓட்டை டிவிஎஸ் ஐம்பதை உதைத்துக்கொண்டு நின்ற எந்தப் பையனுக்கும் இது புரியும். மெட்டு என்னவோ குதூகலமாக ஓடுகிறது. நாளைக்கு அவள் வேறு ஒருத்தனோடு போய்விடுவாள் என்பது பாடுகிறவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

மூன்றாவது சிடியில் ஒரு டூயட் இருக்கிறது. மனைவி கேள்வி கேட்கிறாள், கணவன் பதில் சொல்கிறான், நம் எசப்பாட்டு மாதிரி. என் மேல் அன்பு போய்விட்டதா? என்னை விட்டு ஓடத் துடிக்கிறாயா? நான் உன்னைப் பைத்தியமாக்குகிறேனா? எல்லாவற்றுக்கும் அவனிடம் இருப்பது ஒரே பதில்: 'ஆமா, ஆமாங்கறேன்.' முடிவை நெருங்கும்போது வரும் ஒரு கேள்வி, கத்தியை எடுக்கப் போகிறாயா என்பது. அதற்கும் அதே பதில்தான். இரண்டு நிமிடச் சொச்சத்தில் ஒரு குடும்பமே முடிந்துவிடுகிறது. நம் நாட்டார் பாட்டில் எசப்பாட்டு பெரும்பாலும் கேலியில் தொடங்கிச் சமாதானத்தில் முடியும். இவர் அதே சாமானை எடுத்துக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

அப்புறம் 'பாப்பா வாஸ் எ ரோடியோ'. மூன்று சிடியையும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஒன்றைக் கேளுங்கள். லாரி ஓட்டுகிறவர்கள் கேட்கும் அமெரிக்க கன்ட்ரி பாணி. மட்டமான ஒரு பாரில் மைக் என்ற ஆளைப் பார்த்து ஒரு நாடோடி பேசுகிறான். எனக்கு ஊர் கிடையாது, டீசல் கிடைக்கிற இடம்தான் வீடு, ஒரு ராத்திரிக்குக்கூட ஒரு இடத்தில் நின்றதில்லை, முத்தம் கொடுக்கும் முன் இதைத் தெரிந்துகொள். தன் பிறப்பு வளர்ப்பைப் பற்றி அவன் அடிக்கும் பல்லவி சிரிப்புக் காட்டுகிற மாதிரிதான் இருக்கும். கடைசிச் சரணத்தில் 55 வருஷம் தாண்டிவிடுகிறது. இரண்டு பேரும் சேர்ந்தே வாழ்ந்திருக்கிறார்கள். அப்போது ஒரு பெண் குரல் உள்ளே வந்து அதே பல்லவியைப் பாடுகிறது. மைக் பாடுகிறார். மைக் யார், ஆணா பெண்ணா என்று அதுவரை நாம் போட்டு வைத்திருந்த கணக்கு அங்கே கலைகிறது. நக்கலாக இருந்த அதே வரி இந்த முறை தொண்டையை அடைக்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபடத் தொடங்கியது. இது காதலைப் பற்றிய ஆல்பம் அல்ல, காதல் பாட்டுகளைப் பற்றிய ஆல்பம் என்று மெரிட்டே சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் அது பெரிய தத்துவம் மாதிரி பேசப்பட்டது. தமிழ் படித்தவருக்கு அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அகப்பாட்டில் காதலனுக்கும் காதலிக்கும் பேர் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. யாருடைய சொந்தக் கதையும் அங்கே இல்லை. கூடல், பிரிவு, இருத்தல், இரங்கல், ஊடல் என்று நிலைமைகள் முன்பே வகுத்தாகிவிட்டது, அதற்குள் நின்று புலவன் தன் திறமையைக் காட்ட வேண்டும். ஐங்குறுநூறு ஐந்து புலவர்கள் ஆளுக்கு ஒரு திணையாக நூறு நூறு பாடிய 500 காதல் பாட்டு. 69ஐப் பார்த்து வாய்பிளக்க நமக்கு அவசியமில்லை.

இதைவிடப் பொருத்தமான ஒன்று கருப்பொருள் பட்டியலில் இருக்கிறது. ஒவ்வொரு திணைக்கும் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று சொல்லிக்கொண்டே வரும் தொல்காப்பியர், பறையையும் யாழையும் அதே வரிசையில் சேர்க்கிறார். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, பாலைக்குத் துடி, நெய்தலுக்கு விளரி யாழ் என்று உரைகாரர்கள் விரிக்கிறார்கள். அதாவது காதலின் நிலைமை மாறினால் வாத்தியமும் மாறியாக வேண்டும். பிரிவுக்கு ஒரு ஒலி, ஊடலுக்கு வேறு ஒலி. மெரிட் செய்திருப்பது கிட்டத்தட்ட இதுதான். கணவன் மனைவி சண்டைக்கு ஒரு பாணி, நாடோடியின் ஏக்கத்துக்குக் கன்ட்ரி, விடலைக் கொண்டாட்டத்துக்குத் துள்ளல், கிழட்டு நினைவுக்குப் பியானோ. பாணி மாறுவதை அலங்காரமாக மட்டும் கேட்டால் இந்த ஆல்பம் குழப்பும். திணையாகக் கேட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் கிடைக்கும்.

நான் இதை அதிகம் கேட்டது திருச்செந்தூர் பாசஞ்சரில். ஒரு சிடி ஏறக்குறைய ஒரு மணி நேரம். பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஆழ்வார்திருநகரியில் வண்டி நிற்கும்போது முதல் சிடி முடியும் தறுவாயில் இருக்கும். அதுவரை ஜன்னலில் தாமிரபரணி வயலும் வாழையும். அதற்குப் பிறகு மண் சிவந்து பனை கூடி, கடைசியில் கடல் காற்று வரும். மருதத்தில் ஏறி நெய்தலில் இறங்குகிற ரயில்.

ஆழ்வார்திருநகரி நம்மாழ்வாரின் ஊர். திருவாய்மொழியின் 1102 பாசுரங்களையும் பாடியவர் அவர் ஒருவர்தான். ஆனால் குரல் ஒன்றில்லை. சில பதிகங்களில் அவரே ஒரு பெண்ணாகி, பெருமாள் மேல் கொண்ட காதலில் நாரையையும் அன்னத்தையும் தூது விடுகிறார். சில பதிகங்களில் அந்தப் பெண்ணின் தாயாகி, என் மகள் ராத்தூக்கம் பகல்தூக்கம் இல்லாமல் கிடக்கிறாளே என்று புலம்புகிறார். இன்னும் சிலவற்றில் தோழி. வைணவ உரைகளில் இவற்றைத் தாய் பேச்சு, தோழி பேச்சு, மகள் பேச்சு என்று பிரித்துச் சொல்வார்கள், அந்தப் பெண்ணுக்குப் பராங்குச நாயகி என்று பேரே உண்டு. ஆண் பெண்ணாகப் பாடுவது, பெண் ஆணின் வரியைப் பாடுவது, யார் யாரைப் பார்த்துப் பாடுகிறார்கள் என்று கேட்பவரைத் தேட விடுவது என்று மெரிட் ஆடும் ஆட்டம் அந்த ஸ்டேஷனுக்குப் புதிதில்லை. பக்தி வேறு, பகடி வேறு என்று யாராவது சண்டைக்கு வரலாம். வேறுதான். ஒரே ஆள் பல தொண்டையில் பேசினால் காதல் என்ற பொருள் எப்படி விரிகிறது என்பதை மட்டுமே சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக் கொடை விழாக்களும் காதுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுத்துத்தான் வைத்திருக்கின்றன. சுடலைமாடன் கோயில் கொடையில் வில்லின் மேல் வீசுகோல் விழ மணிகள் குலுங்க, பக்கத்தில் குடத்தின் வாயில் பத்தி என்ற தட்டுமட்டை விழும் 'கும்' சத்தம். கணியான் கூத்தில் அண்ணாவி பாட, மகுடம் என்ற பறை இரண்டும் அதிர, பெண்வேஷம் கட்டிய ஆண்கள் ஆடுவார்கள். நையாண்டி மேளம் ஒரு பக்கம், ரேடியோ செட்டில் சினிமாப் பாட்டு ஒரு பக்கம். இதில் எதுவும் எதோடும் ஒட்டாது. ஆனாலும் எல்லாம் ஒரே சாமிக்கு என்பதால் அது ஒரே ராத்திரியாக இருக்கிறது.

சரி, கிறுக்குப் பிடிப்பது எப்படி? ஒரு பொருள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டாலே அதன் மேல் பிடிப்பு கூடும் என்று ராபர்ட் சையோன்ஸ் என்ற உளவியலாளர் 1968இல் எழுதினார். அது பாதிதான் விளக்கும். ஒரே பாணியில் பத்துப் பாட்டு உள்ள ஆல்பத்தில் பழகப் பழகப் பிடிப்பு கூடும், ஒரு கட்டத்தில் சலித்தும் போகும். பலபாணி ஆல்பத்தில் பிடித்த பாட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். முதலில் மனசில் நிற்பது துள்ளல் பாட்டுகள். அவை பழசாகும் நேரத்தில், இதுவரை தாண்டிப்போன மெதுவான ஒன்று காதில் விழும். அது தேயும்போது, வெறும் வேடிக்கை என்று ஒதுக்கிய இன்னொன்று. மூன்றாவது சிடியில் மொழியியல் அறிஞர் சசூரைச் சுட்டுக் கொல்லும் பாட்டு இருக்கிறது. காதலைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாது என்று அவர் சொன்னாராம், அதனால் அறுபதுகளில் மோட்டவுன் கம்பெனிக்குக் காதல் பாட்டுகளாக எழுதிக் குவித்த மூவர் கூட்டணியின் பேரைச் சொல்லிப் பாடுகிறவன் சுடுகிறான். முதலில் அதை வாத்தியார்களுக்கான ஜோக் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பழகிய பிறகு அது ஆல்பத்தின் கட்சி அறிக்கையாகவே கேட்கிறது: தத்துவம் பேசுகிறவனைவிட மெட்டுப் போடுகிறவனுக்கே காதல் தெரியும்.

மட்டமான பாட்டுகளுக்கும் வேலை உண்டு. இரண்டாவது சிடியின் தொடக்கத்தைப் பாருங்கள். வாத்தியமே இல்லாத அரை நிமிடப் பாட்டு ஒன்று. அடுத்து ஜாஸைக் கிண்டல் செய்யும் பாட்டு, தாளம் எங்கே மெட்டு எங்கே என்று தெரியாமல் மூன்று நிமிடம் இழுக்கிறது. வேண்டுமென்றேதான் இழுக்கிறார், ஆனால் கேட்பவனுக்கு எரிச்சல் எரிச்சல்தான். அதற்கு அடுத்தது, தன் காதலன் தெருவில் நடந்து வந்தால் உலகமே ஆட்டம் போடுகிறது என்ற உற்சாகப் பாட்டு. தனியாகக் கேட்டால் அது நல்ல பாட்டு, அவ்வளவே. அந்த ஜாஸ் தொல்லையைத் தாண்டி வந்து கேட்டால் கோடை மழை. இந்த ஏற்பாட்டை ஷஃபிள் பட்டன் ஒரே அழுத்தில் கெடுத்துவிடும். 2021இல் அடெல் கேட்டுக்கொண்டதற்காக ஸ்பாடிஃபை ஆல்பம் பக்கத்தில் ஷஃபிளைப் பின்னுக்குத் தள்ளியபோது, பணக்காரப் பாடகியின் பிடிவாதம் என்று சிலர் சிரித்தார்கள். அவர் கேட்டது நியாயம். வரிசையும் எழுதப்பட்டதுதான்.

தமிழில் தனியிசை இப்போது நன்றாகவே வளர்ந்திருக்கிறது. கானாவையும் ராக்கையும் ராப்பையும் ஒரே மேடையில் நிறுத்தி 2018இல் வந்த தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, பாணி கலப்பதற்குச் சாதி எதிர்ப்பு என்ற ஒரு வலுவான காரணத்தையும் கையில் வைத்திருந்தது. ஆனால் மொத்தத்தில் பார்த்தால் நம் தனியிசை ஒவ்வொரு பாட்டாகத்தான் வெளியே வருகிறது, ஒவ்வொன்றும் ஒரு வீடியோவோடு, ஹிட் ஆகியே தீர வேண்டும் என்ற கட்டாயத்தோடு. எரிச்சலூட்டும் மூன்று நிமிடத்துக்கு அங்கே இடமில்லை. வில்லும் குடமும் மகுடமும் இருக்கிற ஊரிலிருந்து, திணைக்கொரு பறை என்று எழுதி வைத்த மொழியில், முப்பது பாட்டில் ஒரு காதல் ஆல்பம் வராததற்கு இசை தெரியாதது காரணமாக இருக்க முடியாது. ஒரு மணி நேரம் ஒரே ஆளோடு உட்காரக் கேட்பவர்கள் தயாரில்லை என்பதும் ஒரு காரணம். அதில் எனக்கும் பங்கு உண்டு, வண்டியில் டவர் கிடைத்தால் நானும் ரீல்ஸ்தான் பார்க்கிறேன்.

ஆரம்பிக்கிறவர்கள் முதல் சிடியிலேயே ஆரம்பிக்கலாம், ஆனால் நாலு பாட்டில் கழற்றிவிடாதீர்கள். காரில் சுற்றும் எட்டாவது பாட்டு வரை பொறுங்கள். அதற்கு நாலு பாட்டு தள்ளி வரும் 'தி புக் ஆஃப் லவ்' கொஞ்சம் பிரபலம், பீட்டர் கேப்ரியல் தந்திக் கருவிகளோடு பெரிதாகப் பாடிய வடிவத்தைச் சிலர் கேட்டிருப்பீர்கள். காதலின் புத்தகம் நீளமானது, அலுப்பானது என்று தொடங்கும் அந்தப் பாட்டை மெரிட்டின் வறண்ட குரலில் கேட்பதே சரி. மூன்றாவது சிடியில் ஸ்காட்லாந்து பழம்பாட்டைப் பகடி செய்யும் ஒன்பதாவது பாட்டு மட்டும் எனக்கு இன்னும் ஒட்டவில்லை. ஒட்டியவர்கள் காரணம் சொல்லுங்கள்.